மெயின் கேட்டில் அறுபத்து மூவர்

காட்டுப்பாக்கத்தில் நூற்றிருபது ஃப்ளாட் கொண்ட ஒரு குடியிருப்பு. அதன் மெயின் கேட்டுக்கு இருதயராஜ்தான் செக்யூரிட்டி. வயசு ஐம்பத்தாறு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேட்டில் பதினாலு வருஷம் நின்றார். கம்பெனியை இழுத்து மூடியதும் இங்கே வந்து ஆறு வருஷமாக நிற்கிறார். மனுஷனுக்கு ஒரு கொள்கை உண்டு. "உள்ள வரலாமா" என்று கேட்கிறவன் நல்லவன், கேட்காமல் நுழைகிறவன்தான் திருடன். கேட்டவனுக்குப் பதில் சொல்லாமல் வெயிலில் நிற்க வைப்பது மகா பாவம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கொள்கைதான் அவர் வேலைக்கு உலை வைத்தது.

எட்டு மாசத்துக்கு முன்னால் அசோசியேஷன் செக்ரட்டரி ரேகா மேடம் கேட் கேபினில் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தார். யார் வந்தாலும் பேரையும் ஃப்ளாட் நம்பரையும் அதில் அடிக்க வேண்டும். உடனே அந்த வீட்டுக்காரர் போனுக்கு "இன்னார் வந்திருக்கிறார், விடலாமா?" என்று மெசேஜ் போகும். அவர் 'அனுமதி'யை அமுக்கினால், கம்ப்யூட்டர் மூலையில் டிங் என்று பதில் வந்து நிற்கும். பதில் வந்தால் கேட்டைத் திறக்கலாம், வராவிட்டால் திறக்கக் கூடாது. "உங்க இஷ்டத்துக்கு யாரையும் விடாதீங்கண்ணா, புரியுதா?" என்றார் மேடம். புரிந்தது.

சரி, மத்தியானத்தில் ஈ காக்கா வராத நேரத்தில் மனுஷன் சும்மா உட்கார்ந்திருப்பாரா? தங்கம் விலை பார்த்தார். பட்டாபிராம் ரயில் எத்தனை மணிக்கு என்று பார்த்தார். அன்றைய வேத வசனம் படித்தார். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஒரு சின்னக் கட்டம் குதித்து வந்து, "உங்களுக்கு அறிவிப்பு அனுப்பலாமா?" என்று கேட்டது. கீழே அனுமதி, தடை என்று இரண்டு பட்டன். அடடா, என்ன மரியாதை! வாசலிலேயே நின்று கேட்கிறதே! முகத்தில் அடித்த மாதிரி 'தடை' சொல்ல அவருக்குக் கை வரவில்லை. ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுத்தார்.

வந்தது வினை. முதலில் வசனம் வந்தது. அதன் பின்னாலேயே முடி கொட்டுதா என்று ஒன்று வந்தது, மூட்டு வலியா என்று இன்னொன்று வந்தது, உங்கள் கம்ப்யூட்டரில் ஐந்து வைரஸ் என்று செவப்பு எழுத்தில் ஒன்று அலறிக்கொண்டு வந்தது. நிமிஷத்துக்கு நாலு டிங். இதில் கூத்து என்னவென்றால், வந்தவை அத்தனையையும் அவர் விசிட்டர் நோட்டில் ஏற்றினார்! சத்தியமாக. கேட்டுக்கு வந்ததை எழுதாமல் விட்டால் அது என்ன செக்யூரிட்டி வேலை? 'வைரஸ், ஐந்து பேர், காலை 10.20.' 'அகல்யா, பக்கத்து ஏரியா. யாரைப் பார்க்க: என்னை. காரணம்: தனிமை.' அந்த அகல்யா ஒரே நாளில் பதினேழு தடவை வந்தாள். 'வெளியே போன நேரம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று அவர் பட்ட அவஸ்தை கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

இந்தக் கும்பலில் வீட்டுக்காரர்களின் பதில் எங்கே தெரியும்? நாளாக நாளாக ஒரு பதிலும் கண்ணில் படவில்லை. பாவம், அவங்க ஒழுங்காத்தான் அமுக்குறாங்க, இதுங்க நடுவுல எங்கியோ நசுங்கிப் பூடுது என்று தன்னைத்தானே நொந்துகொண்டார். ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய்க் கதவைத் தட்டி, நேரில் கேட்டுவிட்டு வந்து கேட்டைத் திறந்தார். அப்படியே ஓட்டியிருப்பார். ஆனால் ரேகா மேடத்தின் மாமியார் திருச்சியிலிருந்து பலாப்பழத்தோடு வந்து இறங்கிய அன்றைக்குப் பார்த்து மேடத்தின் வீடு பூட்டியிருந்தது. இருதயராஜ் மேடத்துக்கு நாலு தடவை மெசேஜ் அனுப்பினார், பதில் இல்லை. அந்த அம்மா பலாவை மடியில் வைத்துக்கொண்டு நாற்பது நிமிஷம் கேட்டுக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

மேடம் வந்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். நோட்டைப் புரட்டினார்.

"யாருண்ணா இந்த அகல்யா?"

"விசிட்டர் மேடம். உள்ள உடல. ஸ்க்ரீனோட சரி."

மேடத்துக்கு வந்த கோபம் இருக்கிறதே! "ஞாயித்துக்கிழமை மீட்டிங்குக்குள்ள இந்தக் கண்றாவி எல்லாம் நிக்கணும். இல்லேன்னா ஏஜென்சியில வேற ஆளைக் கேட்டுடுவேன்." ஐம்பத்தாறு வயசில் இந்த கேட் போனால் வேறு எந்த கேட்டும் கிடைக்காது. ஏஜென்சிக்காரன் யூனிஃபார்முக்கு அளவுகூட எடுக்க மாட்டான். இருதயராஜுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அந்தக் குடியிருப்பில் கல்லெறிந்தால் ஒரு ஐடிக்காரர் மேல்தான் விழும். பி பிளாக் கிரண் அமெரிக்க பேங்க் ஒன்றின் கம்ப்யூட்டர்களைத் திருடனிடமிருந்து காக்கிற ஆள். இருதயராஜ் முதலில் அவரிடம்தான் போய் நின்றார். கிரண் ஸ்க்ரீனை அரை நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, "அண்ணா, நான் செர்வர் சைடு. இதெல்லாம் எனக்கு டச் விட்டுப் போச்சு" என்று நழுவினார். அடுத்த ஐடிக்காரர், "நான் டெஸ்டிங்" என்றார். சோதித்துப் பார்த்து, "ஆமா, தொல்லையாத்தான் இருக்கு" என்று உறுதியும் செய்து கொடுத்தார். கடைசியில் ஸ்க்ரீனே இரக்கப்பட்டு, 'இந்த மெசேஜ்களை நிறுத்த இங்கே அமுக்கவும்' என்றது. அமுக்கினார். புதுசாகப் பன்னிரண்டு வந்தன.

வெள்ளிக்கிழமை கேபினைப் பெருக்க வந்த கமலம் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "இன்னா அண்ணாத்தே, மூஞ்சி இப்டி கீது?" விஷயத்தைச் சொன்னார். "அட இதுக்கா! என் போன்லயும் இப்டித்தான் கத்திகினு இருந்திச்சு. மேல மூணு புள்ளி கீது பாரு, அத்த அமுக்கு. செட்டிங்ஸ். அதுல ப்ரைவசி. அதுக்குள்ள சைட் செட்டிங்ஸ். ஆங், நோட்டிஃபிகேஷன். தொற."

திறந்தார். அனுமதி பெற்றவர்கள் பட்டியல் விரிந்தது. வீட்டுக்காரர்களுக்கு மெசேஜ் அனுப்புகிற கேட் ஆப்பைத் தவிர அறுபத்து மூன்று பேர்! மயிலாப்பூர் மாட வீதி தோற்றது போங்கள்.

"ஒவ்வொரு பேர் பக்கத்துலயும் மூணு புள்ளி கீது. அத்த அமுக்கி பிளாக் குடு. கேட்டை மட்டும் உட்டுடு."

"சொல்லாம கொள்ளாம தொரத்துறது தப்பில்லையா கமலம்?"

"யோவ், அகல்யா உனுக்கு சோறு போடுவாளா?"

ஒவ்வொருவராக வெளியேற்றினார். கடைசியில் கமலமே, இனி எந்தப் பக்கமும் இப்படிக் கேட்கவே கூடாது என்ற பட்டனையும் போட்டுவிட்டாள். கேபின் அமைதியானது. எட்டு மாசத்துக்கு அப்புறம் சாலையில் போகிற பஸ் சத்தம் காதில் விழுந்தது. இனிமேல் பதில்கள் பளிச்சென்று தெரியும் என்று இருதயராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஒரு பதிலும் வரவில்லை. சனிக்கிழமை பூராவும் வரவில்லை. கேட் ஆப்பையும் சேர்த்துத் துரத்திவிட்டோமோ என்று பதறி, கமலத்தைக் கூப்பிட்டுக் காட்டினார். கேட் அனுமதியில்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மீட்டிங் கேட் பக்கத்துக் கார் பார்க்கிங்கில் நடந்தது. நாற்பது பேர் இருக்கும். "சரிண்ணா, எல்லார் முன்னாடியும் செஞ்சு காட்டுங்க" என்றார் மேடம். சரியாக அந்த நேரத்துக்கு உதயகுமார் என்ற கூரியர்காரர் மேடத்தின் பார்சலோடு கேட்டில் வந்து நின்றார். இருதயராஜ் பேரை அடித்தார். சி-402. அனுப்பினார். எல்லோரும் மேடத்தின் கையிலிருந்த போனையே பார்த்தார்கள். கப்சிப்.

"பாத்தீங்களா, இன்னும் சரி பண்ணல!" என்றார் மேடம்.

கிரண் போனை வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு மெதுவாக, "மேடம், நீங்கதான் இவரை பிளாக் பண்ணியிருக்கீங்க" என்றார்.

மேடம் போனின் தடைப் பட்டியலில் முடி கொட்டுதா, மூட்டு வலியா, அதற்கு அடுத்த வரியில் 'மெயின் கேட் இருதயராஜ்' இருந்தது.

"ஆபீஸ் கால் நடுவுல டிங் டிங்னு ஒரே தொல்லை... அதான்..." மேடம் இழுத்தார். அப்புறம் ஒவ்வொருவராகத் தங்கள் போனைத் திருட்டுத்தனமாகப் பார்த்தார்கள். கிரணின் போன் உட்பட அத்தனை போனிலும் இருதயராஜ் தடை. எட்டு மாசமாக அவர்தான் மாங்கு மாங்கென்று கேட்டுக்கொண்டிருந்தார். கேட்க ஒரு நாதி இல்லை. ஆனாலும் கேட்டார். "மேடம், என்னிய கொஞ்சம் தொறந்து உடுங்க மேடம்."

மேடம் போனைத் தடவினார், கிரண் தடவினார், ஒருவருக்கும் வழி தெரியவில்லை. கமலம் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "இடிக்காதீங்க. லைன்ல வாங்க சார்." நாற்பது பெரிய சம்பளக்காரர்களும் போனை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

வரிசை முடிந்ததும் இருதயராஜ் கேபினுக்குள் போய் உட்கார்ந்தார். பிறகு ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்து, எல்லா ஃப்ளாட்டுக்கும் அனுப்பினார்.

பார்க்கிங்கில் நாற்பது போனும் ஒரே நேரத்தில் அலறின. 'வந்திருப்பவர்: இருதயராஜ். காரணம்: வேலை. விடலாமா?'

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ரேகா மேடத்தின் கட்டைவிரல் மட்டும் அசைந்தது. கேபினில் டிங் என்று முதல் பதில் விழுந்தது. சி-402, அனுமதி. அப்புறம் டிங், டிங், டிங். இருதயராஜ் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கேட்டுக்கு வெளியே உதயகுமார் கம்பியைத் தட்டினார். "அண்ணாத்தே, உன்னிய உட்டுட்டாங்க, சரி. என்னிய?"