புருஷன் அடித்த மணி

போன ஞாயிற்றுக்கிழமை கத்திய கத்தலில் எனக்கு இன்னும் தொண்டை சரியாகவில்லை. காரணம், எங்கள் மாடி வீட்டு சரோஜா.

ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டத்தில் மாநில சாம்பியன். வருஷா வருஷம் கப்பை மைசூருக்குக் கொண்டுவந்தவர். அதை வைத்துத்தான் இங்கேயே ஹெப்பாளில் ஒரு ஃபேக்டரியில் வேலையும் கிடைத்தது. அப்புறம் கல்யாணம், குழந்தை... அவ்வளவுதான், இனிமேல் எங்கே ஓடப் போகிறாள் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

சரோஜா முடிவு கட்டவில்லை. குழந்தை தவழ ஆரம்பித்ததும் இவர் ஓட ஆரம்பித்தார். ஞாயிறன்று தேசியப் போட்டிக்கான தேர்வு ஓட்டம். முதல் இரண்டு பேருக்குத்தான் டீமில் இடம்.

"இன்னிக்குத் தோத்தா பிராக்டிஸுக்கு லீவ் கிடையாதுன்னுட்டாங்க சார். நாளையிலிருந்து ஃபுல் ஷிஃப்ட். அப்புறம் பஸ் பிடிக்கத்தான் ஓடணும்" என்று ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே சிரித்தார்.

கணவர் பழனிசாமி ஹனூர்க்காரர். பி.டி. மாஸ்டர். ஆள் போதவில்லை என்று, சுற்றுகளை எண்ணிக் கடைசிச் சுற்றுக்கு மணியடிக்கும் வேலையை அவரிடமே கொடுத்துவிட்டார்கள். ஏன் சார், பெண்டாட்டி ஓடும்போது புருஷனைப் போய் எண்ணச் சொல்லலாமா? மனுஷர் எண்ணுவாரா, சாமி கும்பிடுவாரா?

ஓட்டம் தொடங்கியது. சரோஜா மூன்றாவதாக வந்துகொண்டிருந்தார். டங் டங் டங்! மணி அடித்ததுதான் தாமதம், மற்ற பெண்கள் பறந்தார்கள். சரோஜா மட்டும் அதே வேகத்தில், ஒன்றுமே நடக்காத மாதிரி... "ஓடும்மா! மணியடிச்சாச்சு! ஓடும்மா!" என்று கத்தினேன். ஊஹூம். கால் விட்டுப்போச்சு, எல்லாம் போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

முன்னால் போன பெண்கள் கோட்டைத் தாண்டித் தரையில் சாய்ந்தார்கள். ஓர் அதிகாரி கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்து, "இன்னொந்து ரவுண்டு இதே! ஓடி, ஓடி!" என்று கன்னடத்தில் அலறினார். இன்னும் ஒரு சுற்று பாக்கி! பழனிசாமி பதற்றத்தில் ஒரு சுற்று முன்னாலேயே அடித்துத் தொலைத்திருக்கிறார்.

பாவம், அந்தப் பெண்கள் எழுந்து ஓடினார்கள். காலில் உயிர் இருந்தால்தானே? சரோஜா அப்போதுதான் வேகமெடுத்தார். முதலில் வந்தார்.

உடனே சண்டை. ஓட்டத்தையே ரத்து செய்யச் சொல்லி ஒரு கோஷ்டி. பழனிசாமி மணிக்குப் பக்கத்திலேயே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "போச்சுங்க சார்... நானே அவ சோத்துல மண்ணைப் போட்டுட்டனுங்க!"

நடுவர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். கடைசியில் சொன்னார்கள்: முழுத் தூரத்தையும் ஓடி முதலில் வந்தவர் சரோஜாதான், அவர் டீமில் உண்டு. இரண்டாவது இடத்துக்கு மற்றவர்கள் வேறொரு நாள் மறுபடி ஓடலாம்.

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. பழனிசாமி எல்லார் முன்னாலும் அழுதேவிட்டார்.

"எல்லாரும் பறந்தப்போ நீங்க மட்டும் எப்படிம்மா அசையாம வந்தீங்க?" என்று கேட்டேன்.

சரோஜா கணவரை ஒரு பார்வை பார்த்தார். "மணியடிச்சது யாரு சார்? இவருதானே! அதான் சுத்தை நானே எண்ணிக்கிட்டு ஓடினேன். குக்கர் மூணு விசில் விட்டதும் அணைங்கன்னா, ரெண்டுலயே அணைச்சுட்டு வந்து பேப்பர் படிப்பாரு. எங்க வீட்டுல பருப்பு என்னிக்கு வெந்துச்சு?"

புருஷனை முழுசாக நம்பாததால் ஒரு சாம்பியன் பிழைத்தார்!