ஒரே விண்டோவா, இரண்டா?

ஆன்மேரிக்குப் புரோகிராம் எழுதத் தெரிந்தபோது வயது முப்பத்தெட்டு. பாண்டிச்சேரி கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள், பக்கத்து மேசைக்காரர்கள் செய்வதைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். 2005 ஏப்ரலில், சொந்த ஊரான மரக்காணத்தின் பங்கு ஆலயத்தில் பழைய பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரக் கேட்டார்கள். சுனாமியில் காகிதங்களைப் பறிகொடுத்தவர்கள் சான்றிதழ் கேட்டு வந்தபடி இருந்தார்கள்.

ஞானஸ்நானம், திருமணம் எல்லாவற்றையும் ஒரே விண்டோவுக்குள் அடக்கினாள். ஒன்றை மூடினால்தான் இன்னொன்று வரும். திரையில் ஒன்றே ஒன்று இருந்தால் யாரும் குழம்ப மாட்டார்கள் என்று நம்பினாள்.

ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், எழுத்தர் டோமினிக் உள்ளங்கையில் பேனாவால் பெயர் எழுதிக்கொண்டிருந்தான்.

"கையில எதுக்குப்பா எழுதற?"

"கல்யாணத்தத் திறந்தா ஞானஸ்நானம் மறைஞ்சிடுதுக்கா. அப்பா அம்மா பேரு ஒத்துப்போவுதான்னு பாக்கணுமில்ல?"

முகம் சுருங்கிப்போனாலும் வீட்டுக்கு வந்து முழுதும் மாற்றி எழுதினாள். இனி ஒவ்வொரு பதிவுக்கும் தனி விண்டோ, எத்தனை வேண்டுமானாலும் திறக்கலாம்.

அடுத்த வாரமே போன் வந்தது. "அக்கா, மேரிசெல்விய காணோம்!"

"ஐயோ, யாருப்பா?"

"எக்கியார்குப்பத்துக்காரங்க. எதிர்லதான் உக்காந்திருக்காங்க. கம்ப்யூட்டர்லதான் காணோம்."

விழுந்தடித்துக்கொண்டு போனாள். திரையில் பதினோரு விண்டோக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அதில் மூன்று மேரிசெல்விகள். அதற்குள் டோமினிக் வேறொருத்தியின் பதிவை அச்சடித்துக் கொடுத்திருந்தான்.

மகளைப் பள்ளியில் சேர்க்கத் தன் ஞானஸ்நானச் சான்றிதழும் வேண்டுமென்று வந்திருந்த மேரிசெல்வி தாளை மெல்ல எழுத்துக்கூட்டிப் படித்தாள். "இது எங்கப்பா பேரு இல்லீங்களே," என்று சிரித்தாள்.

ஆன்மேரிக்குச் சிரிப்பு வரவில்லை. படிக்கத் தெரியாதவளாக இருந்திருந்தால் அப்படியே வாங்கிப் போயிருப்பாளே.

இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு டோமினிக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரைத் தொடாமல், காகிதப் பதிவேடுகளில் வேலை பார்க்கச் சொன்னாள். அவன் இடப்பக்கம் ஞானஸ்நானப் பதிவேட்டை விரித்தான், வலப்பக்கம் திருமணப் பதிவேட்டை. வேறொன்று தேவைப்பட்டால் வலப்பக்கத்தை மூடிவிட்டுத்தான் எடுத்தான். மேசையில் மூன்றாவது ஒன்று விரிந்ததே இல்லை.

புரோகிராமையும் அப்படியே அமைத்தாள். ஒரே விண்டோ, நடுவில் ஒரு கோடு, இரண்டு பாதி. எது எவருடைய பதிவு என்பது மேலே பெரிய எழுத்தில்.

கம்பெனியில் பக்கத்து மேசைப் பிரபாகரன் பார்த்துவிட்டு, "ரெண்டுங்கெட்டானா இருக்குதே மேடம்," என்றான்.

"இருந்துட்டுப் போவட்டும். டோமினிக் இப்ப கையில எழுதறதில்ல."

ஜூன் முதல் வாரம், சரியான சான்றிதழோடு மேரிசெல்வியின் மகள் பள்ளியில் சேர்ந்தாள். ஞாயிறு பூசை முடிந்ததும் மேரிசெல்வி ஒரு செய்தித்தாள் பொட்டலத்தை ஆன்மேரியின் கையில் திணித்தாள். உள்ளே உலர்ந்த இறால். திரும்பும் பஸ்ஸில் அந்த வாசனைக்கு நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஆன்மேரி பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, கத்திரிக்காய் போட்டுக் குழம்பு வைப்பதா, வறுப்பதா என்று யோசித்தபடி வந்தாள்.