பிளஷரில் நடு இடம்

போன மாதம் என் மகள் என்னைப் பழைய காலத்தைப் பார்க்க அழைத்துப் போனாள். டிக்கெட் வாங்கித்தான் பார்க்க வேண்டும். பெரிய மைதானத்துக்குள் ஒரு தெருவையே கட்டி வைத்திருக்கிறார்கள். சோடாக் கடை, சைக்கிள் கடை, சிவப்புத் தபால் பெட்டி, மண்ணெண்ணெய் விளக்குக் கம்பம் எல்லாம் உண்டு. சோடாக் கடையில் ஒட்டுக்குடுமி வைத்த ஒரு பையன் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தான். என்னையும் ஒரு மூலையில் நிறுத்திக் கயிறு கட்டியிருந்தால் யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள்.

தெருக்கோடியில் பழைய கார்கள் வரிசையாக நின்றன. ஒரு கறுப்புக் காரில் மட்டும் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினேன். வெயிலில் காய்ந்த ரெக்சின் வாசனையும் பெட்ரோல் வாசனையும் சேர்ந்து முகத்தில் அடித்தது.

"ஏம்மா கதவோட ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்க? நடுவுல வா" என்றாள் மகள்.

என்னால் நகர முடியவில்லை. முழங்கால் வலி என்று சொல்லிச் சமாளித்தேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, அது முழங்கால் சமாசாரம் இல்லை.

நான் சிறுமியாக இருந்தபோது திருச்சியில் வாடகைக் காரைக் கார் என்று சொல்ல மாட்டோம், பிளஷர் என்போம். காந்தி மார்க்கெட் வாசலில் பாலக்கரை அந்தோணி அண்ணனுடைய பிளஷர் நிற்கும். சொந்த வண்டி, அவரே ஓட்டுவார். முகூர்த்த நாள் வந்தால் அதைப் பிடிக்க முடியாது. மாப்பிள்ளை அழைப்பு, பெண் அழைப்பு எல்லாவற்றுக்கும் பூச்சரம் சுற்றிக்கொண்டு அதுதான் போகும். அவருடைய பிழைப்பே கல்யாணங்களில்தான் இருந்தது. அந்தோணி அண்ணன் பேச மாட்டார். ஏறினால் கதவைச் சாத்துவார், இறங்கினால் திறந்துவிடுவார், அவ்வளவுதான்.

மார்க்கெட்டில் அப்பாவுக்கு வெங்காய மண்டி. எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையை ஒட்டிய ஒரு சந்தில். சாயங்காலம் அப்பாவுக்கு முன்னால் வெங்காய வாசனை வீட்டுக்குள் வரும். "என் கண்ணுல இருந்ததெல்லாம் மண்டியிலயே தீந்துபோச்சு. இனிமே அழ ஒண்ணும் பாக்கியில்லை" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பார்.

டவுனுக்குப் போய்த் திரும்பும்போது காவேரிப் பாலத்தில் அம்மா என் கையில் ஓட்டைக் காலணா ஒன்றைக் கொடுப்பாள். பஸ் ஜன்னல் வழியாக அதை ஆற்றில் போட வேண்டும். நயா பைசா வந்த பிறகும் பழைய காலணாக்களை அதற்கென்றே ஒரு டப்பாவில் வைத்திருந்தாள். "செல்லாக் காசைப் போட்டு ஆத்தையே ஏமாத்துறியே" என்பார் அப்பா. "காவேரிக்கு எல்லாம் செல்லும்" என்பாள் அவள்.

எனக்கு ஒன்பது வயதானபோது அம்மா இரண்டு மாதம் புத்தூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வீட்டுக்குப் போக வேண்டும், வீட்டுக்குப் போக வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு சித்திரை மாதக் காலையில், இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா அந்தோணி அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினார். "வண்டி வருதா பாரு" என்று என்னை ஆஸ்பத்திரி வாசலுக்கு அனுப்பினார். கேட்டைப் பிடித்துக்கொண்டு நான் காத்திருந்தேன். பிளஷரில் போகப் போகிறோம் என்று எனக்கு ஒரே சந்தோஷம். இத்தனை வருஷம் கழித்து இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

வண்டி வந்தது. அப்பா அம்மாவை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். கழுத்து வரைக்கும் போர்த்தியிருந்தது. அந்த வெயிலில் எதற்குப் போர்வை என்று நினைத்தேன்.

"மயக்கமா இருக்கா அந்தோணி. தூங்கிட்டே வரட்டும்" என்றார் அப்பா.

அந்தோணி அண்ணன் கதவைத் திறந்தார், அம்மாவை ஒரு தடவை பார்த்தார். "வாங்கம்மா, மெதுவா" என்றார்.

அம்மாவை நடுவில் உட்கார வைத்து, தலையை அப்பா தன் தோளில் சாய்த்துக்கொண்டார். இந்தப் பக்கம் நான், கதவோடு ஒட்டிக்கொண்டு. பேசாத அந்தோணி அண்ணன் அன்றைக்கு வழியெல்லாம் அம்மாவிடம் பேசிக்கொண்டே வந்தார். "இங்க ரோடு சரியில்லம்மா, மெதுவாப் போறேன்." "தெப்பக்குளத்துக்கிட்டக் கூட்டமா இருக்கும்மா, கொஞ்சம் பொறுத்துக்குங்க." பாலத்தில் ஏறியதும் வண்டியை ஊரவிட்டு, "காவேரி வந்திருச்சும்மா, பாத்துக்குங்க" என்றார்.

நான் என் பாவாடை முடிச்சை அவிழ்த்து, வீட்டு டப்பாவிலிருந்து எடுத்து வந்திருந்த காலணாவை எடுத்தேன். அன்றைக்கு அம்மாவே போடட்டும் என்று தோன்றியது. அவள் கையை எடுத்து உள்ளங்கையில் காசை வைத்தேன். விரல்கள் மூடவில்லை. காசு வழுக்கிக் கீழே விழுந்து சீட்டுக்கு அடியில் போய்விட்டது. கை அந்த வெயிலிலும் குளிர்ந்திருந்தது. அப்பாவை நிமிர்ந்து பார்த்தேன். அவர் எதிரே ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குத் தெரிந்துவிட்டது. அழக்கூடாது என்பதும் எப்படியோ தெரிந்துவிட்டது. பிணம் ஏறிய வண்டியைக் கல்யாணத்துக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள், அதனால் எந்த பிளஷரும் பிணத்தை ஏற்றாது. இது ஊரில் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். நான் அழுதால் அந்தோணி அண்ணன் வண்டியை நிறுத்திவிடுவார், அம்மா பாலத்திலேயே நின்றுவிடுவாள் என்று பயந்தேன். அவள் கையைப் போர்வைக்குள் வைத்து மூடினேன். அப்பா சொன்ன பொய்யை நானும் வீடு வரைக்கும் பிடித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அம்மாவைப் படுக்க வைத்து, வண்டி போய் அரை மணி கழித்துத்தான் அப்பா அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டார். வீட்டுக்கு வந்து நிம்மதியாகப் போனாள் என்று எல்லாரும் சொன்னார்கள். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில், ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் அவள் போய்விட்டிருந்தாள். இது எனக்குப் பத்து வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

பத்து வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு காட்டூரில். அப்பா கும்பகோணத்திலிருந்து ஒரு பிளஷர் ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். மார்க்கெட் வாசலில் அந்தோணி அண்ணன் வண்டி நிற்கும்போது கும்பகோணத்திலிருந்து வண்டி எதற்கு என்று ஊரே கேட்டது. திருச்சியில் அந்த வண்டியைக் கல்யாணத்துக்குக் கூப்பிட முடியாத ஒரே ஆள் என் அப்பாதான்.

"எனக்கு அந்தோணி அண்ணன் வண்டிதான் வேணும்பா" என்றேன்.

"அது வேணாம்மா."

"ஏன் வேணாங்கிறீங்கன்னு எனக்குத் தெரியும்பா. அன்னிக்குப் பாலத்துலயே தெரியும்."

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மண்டியிலேயே தீர்ந்துபோயிற்று என்று சொல்லிக்கொண்டிருந்த கண்ணீர் அவ்வளவும் அன்றைக்கு வந்தது. நானும் பத்து வருஷத்துக்கும் சேர்த்து அழுதேன். அந்த பெஞ்சைப் பற்றி அப்போதுதான் சொன்னார்.

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு பாலக்கரைக்குப் போனார். அந்தோணி அண்ணன் வீட்டு வாசலிலேயே நின்று, "ஒன்னை ஏமாத்திட்டேன் அந்தோணி. ஒன் பொழப்புல மண்ணள்ளிப் போட இருந்தேன்" என்றார்.

அந்தோணி அண்ணன் உள்ளே போய் ஒரு நாற்காலியைக் கொண்டு வந்து போட்டார். "உக்காருங்க. கதவைத் தொறந்தப்பவே தெரியுமுங்க" என்றார்.

"தெரிஞ்சா ஏத்திக்கிட்ட?"

"அவங்க வீட்டுக்குப் போகணும்ல."

அன்றைக்கு நான் அழுதிருந்தாலும் அந்த வண்டி நின்றிருக்காது.

கல்யாணத்தன்று அவர் வண்டியில்தான் காட்டூருக்குப் போனேன். அந்தக் கதவோரம் மாப்பிள்ளை, இந்தக் கதவோரம் நான். புதுசாகக் கல்யாணமானவர்கள் இப்படியா உட்காருவார்கள் என்று வாசலில் எல்லாரும் கேலி செய்தார்கள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். பாலத்தில் வண்டி மெதுவானது. "காவேரி வந்திருச்சும்மா, பாத்துக்குங்க" என்றார் அந்தோணி அண்ணன். கண்ணாடியில் அவர் கண் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நடு இடத்தைப் பார்த்தது.

அந்தோணி அண்ணன் இப்போது இல்லை. அப்பாவும் இல்லை. அந்த வண்டி பழைய இரும்புக்குப் போயிற்று, அந்தக் குறுகலான பாலத்துக்குப் பதிலாக வேறு பாலம் வந்துவிட்டது. இப்போது ஆம்புலன்ஸ் இருக்கிறது, யாரும் யாரிடமும் பொய் சொல்ல வேண்டியதில்லை. நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் இறந்துபோன ஒருத்தியிடம் வழி நெடுக ரோட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வர இப்போது யார் இருக்கிறார்கள்?

படம் எடுக்க மகள் செல்போனைத் தூக்கினாள். நான் குனிந்து சீட்டுக்கு அடியில் கையைவிட்டுத் துழாவினேன். இது வேறு வண்டி என்று தெரியும். ஒரு மிட்டாய்க் காகிதம்தான் கிடைத்தது.

"என்னம்மா தேடுற? நடுவுல வாம்மா, ஃப்ரேம்ல சரியா வரலை" என்றாள்.

"இப்படியே எடு, இங்க எடம் சரியா இருக்கு" என்றேன்.