தாத்தாவைத் தேடின பிள்ளை

புதுச் சீலைக் கட்டைப் பிரிக்கேக்க ஒரு கஞ்சி மணம் வரும்... அதோட வாசல்ல கொளுத்தின சாம்பிராணி, வெளியில காலி ஊருக்குப் போற பெரிய வீதியில பஸ்ஸின்ட டீசல் புகை. இது மூண்டும் கலந்த மணம்தான் எனக்கு தீபாவளி.

படிச்சு முடிச்ச கையோட வெள்ளவத்தையில ஒரு புடவைக்கடையில கேஷியரா சேர்ந்தனான். கிருலப்பனையில இருந்து பஸ்ஸில போய் வருவன். பக்கத்துக் கவுண்டர்ல நிரோஷா, பில் போடுறவ. சிங்களப் பிள்ளை. தமிழ் விளங்கும், கதைக்க வெட்கம். எனக்கு சிங்களமும் அதே மாதிரித்தான். ரெண்டு பேரும் பாதி பாதியா கதைச்சே நல்ல கூட்டாளியாகிட்டம்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. கடைக்குள்ள கால் வைக்க இடமில்லை...

ஆரோ என்ட சீலையைப் பிடிச்சு இழுத்த மாதிரி இருந்தது. குனிஞ்சு பார்த்தா ஒரு சின்னப் பிள்ளை. மூண்டு வயசு இருக்கும். மஞ்சள் சட்டை. அழுது அழுது மூக்கெல்லாம் வடியுது.

"என்னம்மா, ஆரோட வந்தனீங்கள்?"

"தாத்தா..."

"உங்கட பேர் என்ன?"

"தாத்தா..."

வேற ஒரு சொல்லும் வரேல்லை.

தூக்கி மேசையில இருத்தினன். நிரோஷா ஒரு டொஃபியைக் குடுத்திட்டு சிங்களத்தில "தாத்தா கோ?" எண்டு கேட்டா. தாத்தா எங்க எண்டு. பிள்ளை வாசல் பக்கம் கையைக் காட்டிச்சு.

நிரோஷா வாசலுக்கு ஓடினா. போய், இளந்தாரி ஆம்பிளையளா ஒவ்வொருத்தரா பார்க்கிறா. நான் இங்க நிண்டு நரைச்ச தலையளைத் தேடுறன். சிங்களத்தில தாத்தா எண்டா அப்பா. அது எனக்குத் தெரியாத விசயமில்லை... ஆனா அந்த அவதியில, ரெண்டு பேரும் வேற வேற ஆளைத் தேடுறம் எண்டது எங்கள் ரெண்டு பேருக்குமே உறைக்கேல்லை.

வாசலைத் தாண்டினா காலி வீதி. அங்கால ஒழுங்கையால இறங்கினா ரயில் தண்டவாளம், கடல். பிள்ளையைத் துலைச்ச ஆள் எங்க ஓடித் திரியுதோ எண்டு வாசலை எட்டி எட்டிப் பார்த்தன்.

எங்கட மனேஜர் செல்வமண்ணை மைக்கை எடுத்து என்ட கையில தந்தார். மலிவு விற்பனை சொல்ல, ரோட்டைப் பார்த்தபடி ஒரு பெரிய ஸ்பீக்கர் வச்சிருந்தவை. அதில சொன்னன்...

"மஞ்சள் சட்டை போட்ட சின்னப் பிள்ளை ஒண்டு தாத்தாவைத் தேடி அழுதுகொண்டு இருக்கிறா. தாத்தா எங்க நிண்டாலும் கேஷ் கவுண்டருக்கு வரவும்."

முதல்ல ஒரு வயசான ஐயா வந்தார், கையில குடை. பிள்ளையைப் பார்த்ததும் பெரிய மூச்சு விட்டார். "என்ட பேத்தி மேல தாயோடதான் நிக்கிறா, தெரியும்... எண்டாலும் நெஞ்சு பக்கெண்டுது. ஒருக்கா பார்த்திட்டுப் போவம் எண்டு வந்தனான்."

அவர் சொல்லி முடிக்கேல்லை, மேல்மாடியில இருந்து ஒரு சிங்கள ஆள் ரெண்டு ரெண்டு படியாத் தாவி இறங்கி வாறார். தமிழ் விளங்காது. அந்த ஒரு சொல் மட்டும் காதில விழுந்திருக்கு. பிள்ளையைப் பார்த்து "மகே துவ நெமெய்..." எண்டார். என்ட மகள் இல்லை எண்டு. அதோட அவரும் போயிருக்கலாம். போகேல்லை. அந்த ஐயாவுக்குப் பக்கத்தில நிண்டு அவரும் வாசலைப் பார்த்தார்.

அப்பதான் அந்தப் பெட்டை வந்தா. பன்னிரண்டு வயசு சொல்லலாம். தலைத்துணி கழுத்தில விழுந்து கிடக்கு, ஒரு கால்ல செருப்பு இல்லை, காலெல்லாம் மணல். பிள்ளையைத் தூக்கக் கையை நீட்டினா.

செல்வமண்ணை மறிச்சார். "பொறுங்கோ தங்கச்சி. தெரியாத ஆக்களிட்ட பிள்ளையைக் குடுக்கேலாது. போய் தாத்தாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"நான்தான் தாத்தா."

"நீங்களோ?"

"ஓம்... நான்தான் தாத்தா. மைக்ல கூப்பிட்டீங்க தானே?"

செல்வமண்ணை என்னைப் பார்த்தார். நான் நிரோஷாவைப் பார்த்தன். அதுக்குள்ள சின்னது மேசையில இருந்தே "தாத்தா" எண்டு பாய்ஞ்சு அவவின்ட கழுத்தைக் கட்டிப்பிடிச்சிட்டுது. அதுக்குப் பிறகு ஆர் என்னத்தைக் கேக்கிறது...

அதுவரைக்கும் நேரா நிண்டு பதில் சொன்ன பெட்டை, தங்கச்சி கைக்கு வந்த பிறகுதான் உடைஞ்சு அழுதா. சனத்துக்குள்ள கை விட்டுப் போச்சாம். கடலைப் பார்க்கத்தான் போயிருப்பா எண்டு தண்டவாளம் வரைக்கும் ஓடியிருக்கிறா. திரும்பி வரேக்க ரோட்டில ஸ்பீக்கர் சத்தம் கேட்டிருக்கு. அந்த சிங்கள ஆள் தன்ட லேஞ்சியை எடுத்து கண்ணைத் துடைக்க அவவுக்கு நீட்டினார்.

முஸ்லிம் பிள்ளையள். பக்கத்துத் தையல் கடையில நிண்ட தாயை, அவையின்ட உம்மாவை, ஆள் அனுப்பிக் கூப்பிட்டம். அவதான் விளங்கப்படுத்தினா. "அக்காவை ராத்தா எண்டும் சொல்ற. எங்கட ஊட்டுல தாத்தா. மூத்த பொம்புளப் புள்ள தானே."

நிரோஷா இதை சிங்களத்தில சொல்ல, அந்த ஆள் சிரிச்சார். ஐயா அவரின்ட தோளில கை வச்சு, "அப்ப மூண்டு தாத்தாவும் வந்திட்டம்" எண்டார்.

நான் கூப்பிட்டது பிழையான ஆளை. வந்தது சரியான ஆள்... அண்டைக்கு பஸ்ஸில வீட்டை போகேக்க முழுக்க அந்தச் சொல்லையே வாய்க்குள்ள சொல்லிச் சொல்லிப் பார்த்தன். நரைச்ச தலை, மீசை வச்ச அப்பா, ஒரு பள்ளிக்கூடப் பெட்டை... எல்லாரையும் அந்த ஒரு சொல்லுக்குள்ள இருத்தி வச்சிருக்கிது இந்த ஊர். கூப்பிட்டா ஓடி வாற ஆள் எண்டது மட்டும் மூண்டு பேரிட்டையும் மாறேல்லை.

இப்ப அந்தக் கடை இருந்த இடத்தில கண்ணாடிக் கட்டடம். நிரோஷா இத்தாலியில, எப்பவாவது வொய்ஸ் அனுப்புவா. எல்லாற்ற கையிலயும் ஃபோன் இருக்கு. பிள்ளை துலைஞ்சா கெமராவில பார்த்துப் பிடிச்சிடுவினம், நல்ல விசயம்தான்.

போன கிழமை ஒரு பெரிய மோலுக்குப் போனனான். பிள்ளையளைக் கவனமாப் பார்த்துக்கொள்ளச் சொல்லி மூண்டு மொழியிலயும் ரெக்கோர்ட் பண்ணின அறிவிப்பு போகுது. நல்ல உச்சரிப்பு, ஒரு பிழை இல்லை.

ஒருத்தரும் திரும்பிப் பார்க்கேல்லை.