வெள்ளை நாயின் முதுகில் ஒரு சொட்டு ஆயில்

"ராஜா, ஒரு வயது. 1987 சித்திரை, ஞாயிறு மாலை." ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தின் பின்புறம் வக்கீல் ஐயா தம் கையால் எழுதியது இது. ராஜபாளையத்தில் அவரிடம் நான் குமாஸ்தாவாக இருந்தேன். படத்தில் அவருடைய வெள்ளை நாய் வாசற்படியில் படுத்திருக்கிறது. எங்கள் ஊர் நாய்க்கு உடம்பு முழுக்க வெள்ளையாகவும் மூக்கு இளஞ்சிவப்பாகவும் இருக்க வேண்டும். வேறு நிறத்தில் ஒரு பொட்டு தெரிந்தாலும் கேட்டு வந்தவர்கள் அப்படியே திரும்பிவிடுவார்கள். ராஜாவின் மேல் வெள்ளையல்லாத ஒரு மயிரைக் காட்டினால் வக்கீல் தொழிலையே விட்டுவிடுவதாக ஐயா கோர்ட்டு வராந்தாவில் சொல்லித் திரிந்தார். பக்கத்தில் போய்த் தேடிப் பார்க்க யாருக்கும் துணிவில்லை. ராஜா கடிக்கும்.

அந்த ஆடியில் ஐயா ஒரு பழைய கார் வாங்கினார். ஆடியில் யாரும் வண்டி வாங்க மாட்டார்கள் என்பதால்தான் விலை படிந்தது. தினமும் அதில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போய்வந்தோம். ஆவணி பிறந்ததும் எஞ்சினுக்கு அடியில் ஆயில் சொட்டத் தொடங்கியது. மெக்கானிக் பாய் மகளின் பிரசவத்துக்காகக் கம்பத்துக்குப் போயிருந்தார். வேறு யாரும் வண்டியில் கை வைக்க ஐயா விடவில்லை. பாய் வரும்வரை தாமே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். காலையில் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி, துடைத்து, மறுபடி செருகி உருவி, சாட்சிக் கையெழுத்தை ஆராய்வதுபோல் ஆராய்வார். குறைந்த அளவுக்கு ஊற்றுவார். டிக்கியில் சட்டப் புத்தகங்களோடு ஓர் ஆயில் டின்னும் கோர்ட்டுக்கு வந்தது. எங்கே ஒழுகுகிறது என்று அறிய, அடியில் வெள்ளைத் தாள் விரிக்கச் சொன்னார். விரித்தேன். ராஜா வந்து அதன்மேல் படுத்துக்கொண்டது. மறுநாள் தாள் சுத்தமாக இருந்தது. ராஜாவின் நடுமுதுகில் பழுப்பாக ஒரு வட்டம்.

"தாளைவிட நாய் தெளிவாக் காட்டுது" என்று ஐயா மகிழ்ந்தார். நாய் படுத்திருந்த இடத்தை வைத்து, சொட்டுவது ஆயில் தொட்டியின் அடிநட்டு என்று கண்டுபிடித்தார். விபரீதம் அவர் மனைவிக்குத்தான் முதலில் உறைத்தது. "ஏங்க, ஞாயித்துக்கிழமை பால்கோவாக்காரர் வாராரே!"

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடை வைத்திருந்த முதலாளி, தம் பெட்டை நாய்க்கு ராஜாவைக் கேட்டிருந்தார். ஈன்றதும் ஒரு குட்டி ஐயாவுக்கு என்பது பேச்சு. அந்தக் குட்டியை ஐயா கோயமுத்தூர் சம்பந்திக்கு வாக்குக் கொடுத்திருந்தார். சம்பந்தி வீட்டில் பெயரே வைத்துவிட்டார்கள். எனவே ராஜா குளித்தது. சீயக்காய் போட்டும், சலவை சோப்புப் போட்டும் வட்டம் கொஞ்சம் வெளிறியதே தவிரப் போகவில்லை. காரடியில் படுக்காமல் கட்டிப்போட்டால் தெரு முழுக்க ஊளை. சனிக்கிழமை ஐயாவே காரடியில் புகுந்து, மிச்சமிருந்த சோப்பைப் பஞ்சோடு பிசைந்து நட்டைச் சுற்றி அப்பினார். ஒழுக்கு நின்றது. வழக்கு ஜெயித்தவர்போல் அன்று இரண்டு தடவை காபி குடித்தார்.

ஞாயிறன்று முதலாளி பால்கோவாப் பொட்டலத்தோடு வந்தார். அதை மடியிலேயே வைத்துக்கொண்டு, ஐயா பிடித்திருந்த நாயை மேலும் கீழும் பார்த்தார்.

"வக்கீல் சார், இது பொறவி மறுல்லா?"

"ஆயிலுங்க. கார்ல ஒழுகுது."

"பாலைப் பாத்தே தண்ணி எம்புட்டுன்னு சொல்லுதவன் நான். என்கிட்டயா?" குனிந்து காரடியைப் பார்த்தார். தரை காய்ந்து கிடந்தது. "ஒழுகக் காணோமே?"

 ஐயா தம் பக்கத்து ஒரே சாட்சியின் வாயில் தாமே சோப்பு அப்பியிருந்தார். "செத்த நேரம் இருங்க" என்று நாயை என்னிடம் கொடுத்துவிட்டு, ஸ்பானரோடு காரடியில் நுழைந்தார். "வேட்டி! வேட்டி!" என்று அவர் மனைவி கத்தினார். ஒரு சொட்டு விழும் அளவுக்குத் திருகுவதுதான் எண்ணம். நட்டு கையோடு வந்துவிட்டது. வெளியே தெரிந்த இரண்டு கால்களும் ஒருமுறை உதறிக்கொண்டன. ஐயா எழுந்து வந்தபோது கழுத்திலிருந்து இடுப்புவரை ஆயில். முதலாளி அவர் சட்டையையும் நாயின் முதுகையும் மாறி மாறிப் பார்த்தார். "சரிதான், ஒரே கலர்" என்றார். பொட்டலம் மடியிலிருந்து மேசைக்கு வந்தது.

திங்களன்று பஸ்ஸில் கோர்ட்டுக்குப் போனோம். பாய் ஊர் திரும்பியதும் தலையில் கைவைத்தார். "மரை தேஞ்ச நட்டு சார். ஏதோ சோப்பு புடிச்சு நின்னுருக்கு. அத எதுக்குக் கழட்டுனிய?"

"சாட்சிக்கு" என்றார் ஐயா.

குட்டி நல்ல வெள்ளையாக வந்தது. கோயமுத்தூரிலும் திருப்தி. ஐயா இப்போது இல்லை. புகைப்படத்தை அவர் மகள் எனக்குக் கொடுத்தார். போன மாதம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ராஜாவின் நடுமுதுகில் மங்கலாக ஒரு வட்டம் தெரிகிறது. படம் சித்திரையில் எடுத்தது; கார் வந்தது ஆடியில். அது படத்தின் தாளில் பட்ட ஈரக்கறையாக இருக்கலாம், ஏதாவது நிழலாகவும் இருக்கலாம். பாய் புது நட்டுப் போட்ட பிறகு ராஜாவின் முதுகு எப்போது வெளுத்தது என்று அப்போது நான் எழுதிவைத்த குறிப்புகளில் தேடினேன். அப்படி ஒரு குறிப்பு இல்லை. கோயமுத்தூர்க் குட்டியோடு அதே ஈற்றில், முதுகில் பழுப்பு வட்டத்தோடு ஒரு குட்டி பிறந்ததாகவும், முதலாளி அதை யாருக்கும் காட்டாமல் சோழபுரத்தில் ஒரு தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டதாகவும் பின்னாளில் கேள்விப்பட்டேன். இதை இன்னும் சரிபார்க்க முடியவில்லை.