பாறையில் காய்ந்த தக்காளி

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, ஒரு மாசி மாதத்தில், அம்மாவின் தங்கை எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரே ஒரு பை. கூடச் சித்தப்பா இல்லை. எதற்கு வந்தாய் என்று நான் கேட்டேன். "ஏன், எங்கக்கா வூட்டுக்கு நான் வரக்கூடாதா?" என்று சித்தி என் கன்னத்தைக் கிள்ளினாள். எனக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. அம்மாவுக்குப் போதவில்லை போலிருக்கிறது. அன்று முழுக்க அவள் பாத்திரங்களைச் சத்தமாக வைத்தாள்.

அந்த மாதம்தான் தக்காளி விலை விழுந்தது. கடத்தூர் போகும் சாலையை ஒட்டி எங்களுக்கு முக்கால் ஏக்கரில் தக்காளி. செடி தாங்காத காய்ப்பு. அப்பா விடியற்காலையில் மண்டிக்குச் சரக்கு கொண்டுபோவார், மதியம் சரக்கோடே திரும்புவார். வண்டி வாடகைக்குக்கூடக் கட்டாத விலை. மூன்றாம் நாள் அவர் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. ஏரிக்கரையோரம் நிறுத்திப் பெட்டி பெட்டியாகக் கவிழ்க்க ஆரம்பித்தார். அங்கே ஏற்கெனவே இரண்டு மூன்று பேர் கொட்டியிருந்தார்கள். மாடுகள்கூடத் தின்று சலித்து முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன.

துணி துவைக்க வந்திருந்த சித்தி, ஈரக்கையோடு ஓடிப்போய் வண்டியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, நிறுத்துங்க. மீதிய எனக்குக் குடுங்க."

"எதுக்கும்மா? ஊருக்கே கொழம்பு வெக்கவா?"

"காய வெச்சுப் பாக்கறேங்க."

"தக்காளியவா? மொளகான்னு நெனச்சியா?" என்று அப்பா சிரித்தார். அது கோபத்தில் வருகிற சிரிப்பு என்பது எனக்கே தெரிந்தது. ஆனாலும் மீதிப் பெட்டிகளை அவர் கொட்டவில்லை.

எங்கள் நிலத்துக்கு மேற்கே ஒரு பெரிய பாறை உண்டு. கேழ்வரகு காயவைக்கும் பாறை. சித்தி அதைக் கழுவிவிட்டு, அப்பாவின் பழைய வேட்டிகளை விரித்து, தக்காளியை இரண்டாக அரிந்து பரப்பினாள். இரண்டே நாளில் அவ்வளவும் பூசணம் பிடித்து நாறியது. அம்மா மூக்கை மூடிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனாள். சித்தி அதையெல்லாம் வாரி எருக்குழியில் போட்டாள். மறுபடி அரிய உட்கார்ந்தாள். இந்த முறை மெல்லிய வில்லைகள், மேலே உப்பு, அதற்கும் மேலே ஈ மொய்க்காமல் ஒரு நைலான் சேலை.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் பாறைக்கு ஓடுவேன். ஆட்டையும் காக்கையையும் விரட்டுவது என் வேலை. விரட்டிய நேரத்தைவிட வில்லைகளைத் திருடித் தின்ற நேரம் அதிகம். புளிப்பும் உப்பும் வெயிலும் சேர்ந்த அந்த ருசிக்கு நாக்கு பல் இடுக்கையெல்லாம் துழாவும். சித்தி ஒவ்வொரு வில்லையாகத் திருப்பிப் போட்டபடி பேசிக்கொண்டே இருப்பாள்.

"மழைக்காலத்துல தக்காளி யான வெல குதுர வெல விக்குதில்ல பாப்பா? அப்ப இதத் தண்ணியில ஊறப் போட்டா போதும். இப்பக் கொட்டவும் வேணாம், அப்ப இல்லேன்னு ஏங்கவும் வேணாம். அடுத்த வருசம் ஊர்ல யாரு கொட்டுனாலும் நாமளே வாங்கிக்கலாம். பத்து பொம்பளைங்கள வேலைக்கு வெச்சுக்கலாம்."

"நீ அடுத்த வருசமும் இங்கதான் இருப்பியா சித்தி?"

"இது நல்லா வந்துச்சுன்னா இருப்பேன்."

நான் பாறை மேல் குதித்தேன். சித்தி எங்களோடே இருந்துவிட்டால் தினமும் இரண்டு ஜடை பின்னிவிடுவாள் என்பதுதான் என் கணக்கு.

இந்த முறை நன்றாகவே வந்தது. நான்கு நாளில் வில்லைகள் செங்கல் நிறத்தில் சுருண்டன. கடத்தூர் மளிகைக்கடைக்காரர் ஒருவர், கொண்டுவந்து காட்டச் சொல்லியிருந்தார். சித்தி நல்ல வில்லைகளாகப் பொறுக்கி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் நிரப்பி அலமாரியில் வைத்தாள். அதை நான் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போனேன். சித்திக்குப் பெருமை சேர்ப்பதாகத்தான் நினைத்தேன். மதியத்துக்குள் பாட்டில் காலி. டீச்சர்கூட இரண்டு எடுத்துக்கொண்டார்.

"எல்லாம் தீந்து போச்சு சித்தி!" என்று வெற்றுப் பாட்டிலை ஆட்டிக்கொண்டு வந்தேன். சித்தி ஒரு கணம் என்னையே பார்த்தாள்.

"நல்லா இருக்குன்னாங்களா?"

"இன்னும் வேணும்னு கேட்டாங்க."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிச்சத்தில் பொறுக்கி இன்னொரு பாட்டில் நிரப்பினாள்.

கடைக்கு என்னையும் கூட்டிப்போனாள். கடைக்காரர் ஒரு வில்லையை வாயில் போட்டு நெடுநேரம் மென்றார். "நல்லாத்தாங்க இருக்குது. ஆனா பழமே ரோட்டுல கெடக்குதே, இத யாருங்க வாங்குவா?" என்றார். நல்ல மனிதர், எனக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார். மழைக்காலத்தில் கொண்டுவரட்டுமா என்று சித்தி கேட்டாள். அப்போது பார்க்கலாம் என்றார். திரும்பி வரும் வழியில் சித்தி பாட்டிலை முந்தானைக்குள் மறைத்துப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மிட்டாயைச் சப்பிக்கொண்டே நான் பின்னால் ஓடினேன்.

மழைக்காலம் வருவதற்கு முன்னால், அந்த ஞாயிற்றுக்கிழமையே சித்தப்பா வந்துவிட்டார். பெரியவர்கள் உள்ளே பேசினார்கள். என்னைக் கலர் சோடா வாங்கிவர அனுப்பினார்கள்.

இன்று எங்கள் ஊரில் கண்ணாடிபோன்ற கூரை போட்ட ஒரு கொட்டகை இருக்கிறது. அதற்குள் வெயிலைப் பிடித்து வைத்துத் தக்காளி காயவைக்கிறோம். விலை விழும் மாதங்களில் ஊர்ப் பெண்கள் அரிகிறார்கள். மழை மாதங்களில் விடுதிச் சமையலறைகளுக்குப் போகிறது. கணக்கும் சரக்கும் என் பொறுப்பு. தட்டுகளை வெளியே இழுக்கும்போது கிளம்புகிற அந்த வாசனையில் நான் சற்று நின்றுவிடுவேன். சித்தியை வந்து பார்க்கச் சொல்லிப் பலமுறை போனில் கூப்பிட்டுவிட்டேன். முழங்கால் வலி என்பாள். பேரனுக்குப் பரீட்சை என்பாள். பிறகு, "உப்பு கம்மியாப் போடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாள்.

அவள் ஊருக்குப் போன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சித்தப்பா பேருந்தில் முன்னால் ஏறிவிட்டார். சித்தி ஜன்னலோரம் உட்கார்ந்து, கம்பி வழியே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் பாப்பா, அடுத்த வருசமும் தக்காளி இப்பிடித்தான் கொட்டுவாங்களா?"

மறுபடி இங்கே வர ஒரு காரணம் கிடைக்குமா என்றுதான் அவள் கேட்கிறாள் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

"இல்ல சித்தி! அப்பா இனிமே தக்காளியே போட மாட்டாராம். ஒருத்தரும் கொட்ட மாட்டாங்க."

"நல்லதுதான்" என்று சொல்லிக் கையை விட்டாள். பேருந்து நகர்ந்தது. கொட்டுவதைப் பார்க்கச் சகிக்காதவளுக்கு நல்ல செய்தி சொல்லி அனுப்பிய சந்தோஷத்தில், நான் வீடு வரைக்கும் துள்ளிக்கொண்டே ஓடினேன்.