இங்கிலீஷில் மட்டும் பெயில்

நான் படித்தது மூணாம் கிளாஸ். அதுவும் முழுசாக இல்லை. ஆனால் கள்ளக்குறிச்சியில் கல்யாணமோ கட்சிக் கூட்டமோ, என் குழாய் ஸ்பீக்கர் கட்டாமல் எதுவும் நடக்காது என்ற காலம் ஒன்று இருந்தது. மைக்செட் தொழிலில் என்னை அடித்துக்கொள்ள சின்னசேலம் வரைக்கும் ஆள் கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. சொல்லக்கூடியவர்கள் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அப்படிப்பட்ட எனக்கு வாய்த்தவள் பத்தாவது வரைக்கும் போனவள். எல்லாப் பாடத்திலும் பாஸ், இங்கிலீஷில் மட்டும் பெயில். "அதுலயும் பாஸாயிருந்தா மைக்செட்காரனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்று என் முகத்துக்கு நேராகவே கேட்பாள். நியாயமான கேள்விதான்.

சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளர் வேலைக்கு மனு போட்டிருந்தாள். அந்த இடம் பத்தாவது பாஸான இன்னொருத்திக்குப் போனது. அன்று வீட்டுக்கு வந்ததும் துணி துவைத்தாள். சட்டைப் பொத்தான்கள் தெறிக்கிற மாதிரித் துவைத்தாள். மறுநாள் சொன்னாள்: "அடுத்த எடம் காலியாவறதுக்குள்ள நான் இங்கிலீஷ் பாஸாவணும்."

இரண்டு பிள்ளை பெற்றவள், முப்பது தாண்டியவள். நான் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. தொழிலில் முன்னுக்கு வந்தவனுக்கு அடுத்தவர் வெறி எது, வீம்பு எது என்று தெரியும்.

பெண்கள் அரசுப் பள்ளியில் சாயங்காலம் ஒரு தனி வகுப்பு நடந்துகொண்டிருந்தது. இங்கிலீஷில் பெயிலாகி மறுபடி எழுதுகிறவர்களுக்கும், கல்வராயன் மலையிலிருந்து இறங்கி விடுதியில் தங்கிப் படிக்கிற பெண்களுக்கும். காசு கிடையாது. தியாகதுருகத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு டீச்சர் பள்ளிக்கூட நேரம் முடிந்தும் இருந்து நடத்தினார். தலைமையாசிரியையிடம் நானே போய்ப் பேசி இவளைச் சேர்த்தேன். என் பேச்சை அந்த ஊரில் யாரும் தட்டியதில்லை.

அந்த டீச்சரின் முறை வேறு மாதிரி. வந்ததும் புத்தகத்தைத் திறக்க மாட்டார். வருகிற வழியில் பார்த்ததை ஒவ்வொருத்தியும் எழுந்து இங்கிலீஷில் சொல்ல வேண்டும். வார்த்தை கிடைக்காவிட்டால் நடுவில் தமிழைப் போட்டுக்கொள்ளலாம், நிறுத்தத்தான் கூடாது. ஊர்ப் பெண்கள் வாயைத் திறக்கவே கூச்சப்பட்டார்கள். முதலில் எழுந்தது மலையில் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து வந்த விடுதிப் பெண் ஒருத்தி. "சிரிப்பாங்கன்னு பயமா இல்லியா?" என்று என் மனைவி கேட்டிருக்கிறாள். அவள் சொன்னாளாம்: "நாங்க பேசற தமிழுக்கே கீழ இருக்கறவங்க சிரிக்கிறாங்கக்கா. இங்கிலீஷுக்கும் சிரிச்சிட்டுப் போறாங்க."

அதற்குப் பிறகுதான் இவளுக்கும் வாய் திறந்தது. ஒரு நாள் கூட்டிப்போக வாசலில் நின்றேன். உள்ளே இவள் குரல், "மை ஹஸ்பெண்ட்" என்று ஆரம்பித்து ஏதோ சொல்லிக்கொண்டே போனது. அறையே சிரித்தது. வெளியே வந்த அந்த மலைப் பெண்ணை நிறுத்திக் கேட்டேன், "எம்பேர்ல இன்னா சொன்னா?"

"ஒங்களுக்கு மைக்கே தேவையில்லன்னாங்க மாமா."

பரீட்சை நெருங்கியபோதுதான் சாலை மறியல் வந்தது. படிப்பிலும் வேலையிலும் தங்கள் சாதிக்குத் தனி இட ஒதுக்கீடு வேண்டும் என்று ஊர் ஊராக ஜனங்கள் இறங்கினார்கள். ரோட்டோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளினார்கள். பஸ் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. மலைக்குப் போகவும் வழியில்லாமல் விடுதிப் பெண்கள் மாட்டிக்கொண்டார்கள். அங்கங்கே அடிதடி என்று சேதி வந்தது. எனக்குத் தொழிலும் இல்லை. மைக் கட்ட போலீஸ் அனுமதி நின்றுபோயிருந்தது.

இவள் பழைய கேள்வித்தாளை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். "லெட்டர் எழுதறது ஒண்ணும் புடிபடல. டீச்சர் இல்லாம இந்தத் தடவயும் போச்சு" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லிவிட்டு இருந்திருப்பேன்.

என் மொபெட்டை எடுத்தேன். பின்னால் ஒரு குழாயைக் கட்டினேன். காரணம் இருக்கிறது. மறியல்காரரோ, அவர்களுக்கு ஆகாதவரோ, ஆளுங்கட்சியோ, எல்லாருக்கும் குழாய் கட்டினவன் நான். குழாயைப் பார்த்தால் என்னை யாரும் தொட மாட்டார்கள். போகும்போது வயல் வரப்பில் வண்டியைத் தள்ளிக்கொண்டே தியாகதுருகம் போய்ச் சேர்ந்துவிட்டேன். டீச்சரை அனுப்ப அவர் வீட்டில் ஒப்பவில்லை. "எங்கூட்டுப் பொம்பளயோட தங்கட்டும், பரீட்ச முடிஞ்சதும் நானே கொணாந்து வுடறேன்" என்று அவர் வீட்டுக்காரரிடம் பேசினேன். நான் பேசினால் பேசினதுதான். அழைத்துக்கொண்டு கிளம்பினேன்.

திரும்பும் வழியில், ரோட்டில் வெட்டிச் சாய்த்திருந்த பெரிய மரத்தருகே மறியல்காரர்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள்.

"யாரு, மைக்செட்காரரா? இன்னாண்ணே, குழா கட்ட வந்தியா?"

"டீச்சரக் கூட்டிக்கினு போறேன். வழி வுடுங்கப்பா."

"வழி எங்க கீது? மரந்தான் கீது. இன்னா டீச்சரு?"

"இங்கிலீஷ் டீச்சர். பெயிலானவங்களுக்குச் சொல்லிக் குடுக்கறாங்க."

கோடாலியைத் தோளில் வைத்திருந்த ஒருவன் முன்னால் வந்தான். "நானும் இங்கிலீஷ்லதான் போனேன்."

"கணக்குல?" என்றான் பக்கத்திலிருந்தவன்.

"அத்த ஏன்டா இப்ப கௌப்பற?"

அதுவரை என் முதுகுக்குப் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்திருந்த டீச்சர் வண்டியிலிருந்து இறங்கினார். வகுப்பில் பேசுகிற குரலிலேயே கேட்டார்: "இங்க எத்தன பேர் இங்கிலீஷ்ல பெயில்? கையத் தூக்குங்க."

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கோடாலிக்காரன் முதலில் தூக்கினான். பிறகு ஒன்று, இரண்டு என்று பாதிக் கூட்டம் கையைத் தூக்கி நின்றது. நான் அந்தக் கைகளை எண்ணினேன். எத்தனை பேரை இந்த ஒரு பாடம் வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறது!

"மறுபடி எழுதறவங்க யாராவது இருந்தா சாயங்காலம் இவரு வீட்டுக்கு வாங்க" என்றார் டீச்சர்.

"மறியல வுட்டுட்டா?"

"எடம் கெடச்சாலும் பாஸாவணும்ல?"

"எடமே இல்லாம பாஸாயி இன்னா பண்றது டீச்சர்?" என்றான் கோடாலிக்காரன். "ரெண்டும் வேணும்."

டீச்சர் தலையாட்டினார். "சரிதான், ரெண்டும் வேணும்" என்றார்.

நான்கு பேர் வண்டியைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். கிளைக் குச்சி குத்தாமல் இருக்க ஒருவன் தன் துண்டை மரத்தின்மேல் விரித்தான். டீச்சர் ஏறி இறங்கினார்.

பள்ளிக்கூடம் மூடியிருந்ததால் வகுப்பு என் மைக்செட் கொட்டகையில் நடந்தது. ஆம்ப்ளிஃபயர் பெட்டிகள்தான் பெஞ்சு. விடுதிப் பெண்களைக் காப்பாளர் அம்மாவே கொண்டுவந்து விட்டார். கோடாலிக்காரனும் இன்னொருவனும் வயல்வழியே சைக்கிளில் வந்தார்கள். மலைப் பெண்கள் பேச, இவர்கள் இருவரும் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் எங்கள் வீட்டிலேயே தங்கினார். மாவாட்டும்போது ஒரு லெட்டர், கீரை ஆயும்போது ஒரு லெட்டர் என்று இவளை வாயால் சொல்ல வைத்தார். விடுப்புக் கேட்டு, மன்னிப்புக் கேட்டு, மாமனுக்கு நலம் விசாரித்து, எல்லாம் எங்கள் அடுப்பங்கரையில் இங்கிலீஷிலேயே நடந்தது.

மரங்களை அறுத்து அப்புறப்படுத்தி, ரோடு திறந்து, பரீட்சையும் வந்தது. வாசலில் ஒருவர் இவளை நிறுத்தினார். "பெத்தவங்கல்லாம் வெளிய நில்லுங்கம்மா. புள்ள மட்டும் உள்ள போவட்டும்."

"புள்ள நான்தாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ரிசல்ட் போட்ட பேப்பரில் அவள் எண் வந்தது. வெள்ளிமலைப் பெண்ணின் எண்ணும் வந்தது. கோடாலிக்காரன் எண் வரவில்லை. அவன் நேராக வந்து, "அடுத்த தடவ வகுப்பு எப்ப ஆரம்பம்?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

நான் மரம் தாண்டி டீச்சரைக் கொண்டுவந்ததால்தான் இவள் பாஸானாள் என்று இன்றைக்கும் சொல்வேன். "நீங்க வண்டி ஓட்டுனீங்க. பரீட்ச நான் எழுதுனேன்" என்பாள்.

அடுத்த காலியிடம் கச்சிராயபாளையத்துக்கு அப்பால், மலையடிவாரத்துப் பள்ளியில் வந்தது. அவளுக்கே கிடைத்தது. முதல் நாள் மொபெட்டில் கொண்டுபோய் விடுகிறேன் என்று துடைத்து நிறுத்தியிருந்தேன். அவள் பஸ் ஸ்டாண்டுக்கே நடந்து போய் டவுன் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்தாள்.

"வூட்டுக்குப் போங்க" என்றாள். "சோறு வடிச்சி வெச்சிகீறேன். கொழம்ப மட்டும் சுட வெச்சிக்குங்க."